இரண்டு முழ டியூப்

திருப்பூரில் டிரைவர் வேலைக்கு வந்தும் பெட்ரோல் திருடாத ஆள் இருந்தால், அவனுக்கு ஒன்று கை நடுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மண்டையில் கோளாறாக இருக்க வேண்டும் என்பது அவிநாசி ரோட்டு டீக்கடையில் உட்காரும் டிரைவர்கள் கண்ட முடிவு. கன்னையனுக்குக் கை நடுங்காது. அதனால் அவரை இரண்டாவது வகையில் சேர்த்துவிட்டார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே முதலாளி. எத்தனையோ வண்டி மாறியும் ஒரு சொட்டு எடுத்ததில்லை. அவர் மனைவி ராமாத்தாளே, ஊரில் ஒவ்வொரு டிரைவரும் மாடி கட்டிவிட்டான், எனக்கு வாய்ச்சது மட்டும் காவி கட்டாத சாமியார் என்று குத்திக் காட்டுவாள். ஆனால் ரேஷன் கடை வரிசையில் நின்று அதையே பெருமையாகப் பத்துப் பேருக்குச் சொல்வதும் அவள்தான். அந்தப் பேர் ஒன்றுதான் அவர்கள் வீட்டில் இருந்த சொத்து.

முதலாளி மோகன்ராஜ் பனியன் ஏற்றுமதி செய்பவர். 2008 கடைசியில் திடீரென்று ஒரு ஹைபிரிட் கார் வாங்கினார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியும் கூடவே சேர்ந்து இழுக்கும். ஊருக்கே புதுசு. ஐரோப்பாவிலிருந்து துணி வாங்க வருகிறவர்கள் சுற்றுச்சூழல், சுற்றுச்சூழல் என்று நச்சரித்தார்களாம். அதற்கு இவர் கண்டுபிடித்த வைத்தியம் இந்தக் கார். கரண்ட் போனால் கம்பெனி ஜெனரேட்டர் டீசலைக் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருக்கும். சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வெள்ளைக்காரர்களை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவர மட்டும் புகை குறைந்த கார்! சரி, அவர் காசு, அவர் கார்.

முதல் நாள் புஷ்பா தியேட்டர் சிக்னலில் வண்டி நின்றதும் எஞ்சின் தானாக அடங்கிவிட்டது. முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. இத்தனை லட்சத்தைக் கொட்டி வாங்கிய வண்டி நடுரோட்டில் மானத்தை வாங்குகிறதே என்று கார் கம்பெனிக்காரனைத் திட்ட போனை எடுத்தார். அதற்குள் பச்சை விழுந்தது. கன்னையன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி சத்தமில்லாமல் உயிர்பெற்று நகர்ந்தது. அன்றைக்கு முதலாளி சிரித்த சிரிப்பைக் கன்னையன் வீட்டில் வந்து செய்துகாட்டினார்.

கோயமுத்தூர் சர்வீஸ் சென்டரில் ராபின் என்று ஒரு மெக்கானிக், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அவனிடம் கன்னையன் கேள்வி கேட்டுக் கேட்டே வண்டியின் குணத்தைத் தெரிந்துகொண்டார். ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதிக்கக் கூடாது. தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிட வேண்டும். வண்டி உருண்டு வேகம் குறையும்போது வீணாகிற விசை பேட்டரிக்குப் போய்ச் சேரும். கடைசி நிமிடத்தில் பிரேக்கை அமுக்குகிறவனுக்கு அந்த லாபம் கிடையாது. கன்னையனுக்கு இது பிடித்துப்போயிற்று. பல்லடம் ரோட்டில் எந்த இடத்தில் லாரி திரும்பும், எங்கே மாடு குறுக்கே வரும், எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று கணக்குப் போட்டு ஓட்டினார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

வாரம் ஒருமுறை விடிந்ததும், டயர் சூடாவதற்கு முன்பே, காற்றளவு பார்ப்பார். டிக்கியில் சாம்பிள் மூட்டைகளைச் சேரவிடமாட்டார். எடை ஏறினால் பெட்ரோலும் ஏறும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவார். இந்த ஊரில் காற்றே பாதி பஞ்சுதானே. எல்லாவற்றையும்விட ராபின் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். பின்சீட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே உள்ள பலகையில், காற்றுப் போகச் சல்லடைபோல் ஓட்டை ஓட்டையாக ஒரு ஜாலி உண்டு. பேட்டரி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். அதை அடைத்தால் பேட்டரி சூடாகி வேலையை நிறுத்திவிடும், எஞ்சின் ஒற்றையாளாக இழுத்துப் பெட்ரோலைக் குடிக்கும். கன்னையன் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் அந்த ஜாலியைத் துடைப்பார். பிரஷ் எட்டாத இடுக்குக்கு இரண்டு முழ நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் டியூப் வைத்திருந்தார். ஒரு முனையை இடுக்கில் வைத்து மறுமுனையில் வாயால் ஊதினால் பஞ்சு பறந்து வெளியே வரும். அந்த டியூப் அவர் மொபெட் பெட்டியிலேயே கிடக்கும்.

லிட்டருக்கு இருபத்தொன்று கொடுத்தது வண்டி. முதலாளி பூரித்துப்போனார். கிளப்பில் மற்ற ஏற்றுமதிக்காரர்களிடம் பந்தயம் கட்டி ஜெயித்தார். ஆபீஸ் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, மாதாமாதம் மைலேஜை எழுதச் சொன்னார். இருபத்தொன்று, இருபத்தொன்றரை, இருபத்தொன்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் கன்னையனுக்கு நெஞ்சு நிமிரும். மனுசன் தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறோம் என்று அப்போது நினைத்தாரா, பாவம்.

அடுத்த வருடம் வெளிநாட்டு ஆர்டர்கள் படுத்துவிட்டன. அச்சடித்து முடித்த ஒரு லாட் துணியை வாங்குகிறவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சிவப்பு ஃப்ளீஸ் துணி, கையில் தொட்டால் பூனைக்குட்டியைத் தொட்டதுபோல் இருக்கும், அதில் பனிமான் படம் வேறு. நாலாயிரம் மீட்டர் கோடவுனில் கிடந்தது. முதலாளி வீட்டம்மா மைதிலிக்குத் துணி வீணாவது பொறுக்காது. ஜன்னலுக்குத் திரை, சோபாவுக்கு உறை, மிக்சிக்கு உறை என்று தைத்துத் தள்ளியும் தீரவில்லை. கடைசியில் கார் ஞாபகம் வந்தது. கம்பெனியில் பவர்டேபிள் மெஷினில் தைக்கும் டெய்லர் இரண்டு பேரை உட்காரவைத்துப் பின்சீட்டுக்கும் அதற்கு மேலுள்ள பலகைக்கும் சேர்த்து ஒரே உறையாக, எலாஸ்டிக் வைத்து இறுக்கமாகத் தைத்துவிட்டார். மார்ச் மாத வெயிலில் காருக்கு ஸ்வெட்டர்! பனியன்காரன் வீட்டில்தான் இந்தக் கூத்து நடக்கும்.

கன்னையன் தயங்கித் தயங்கி அம்மாவிடம் போய், அந்த ஜாலிக்கு மட்டும் ஒரு ஓட்டை விடலாமுங்களா என்று கேட்டார். நல்ல துணியை வெட்டுவதா என்று அம்மா சிரித்தார். வண்டி ஓட்டுவது உன் வேலை, துணி எங்கள் வேலை என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு கன்னையன் முதலாளியிடம் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டுப் பொம்பளையைப் பற்றி வீட்டுக்காரரிடம் கோள் மூட்டுவதாகிவிடும் என்று நினைத்தார். அப்படித்தான் அவரை வளர்த்திருந்தார்கள். முதலாளி இறங்கியதும் உறையைப் பின்னால் சுருட்டிவைப்பதும், அவர் வருவதற்குள் இழுத்து மாட்டுவதுமாகச் சில நாள் ஓட்டினார். துணி கசங்குகிறது என்று அம்மா கண்டுபிடித்து, ஓரங்களை ஊசியும் நூலுமாகச் சீட்டோடு சேர்த்தே தைக்கச் சொல்லிவிட்டார்.

ஏப்ரலில் பதினேழு. மே மாதம் பதினான்கு. தையலின் ஓர் இடைவெளியில் டியூபை நுழைத்து, கன்னம் வலிக்க ஊதிப் பார்த்தார் கன்னையன். ஃப்ளீஸ் உதிர்த்த ரோமமெல்லாம் உள்ளே போய் ஃபேனை அடைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஊதினால் தீருகிற சமாச்சாரமில்லை.

முதலாளி மகன் சரவணக்குமார் அப்போதுதான் மேல்படிப்பு முடித்துக் கம்பெனிக்கு வந்திருந்தான். வந்தவன் கண்ணில் முதலில் பட்டது சுவரில் இருந்த சார்ட். இருபத்தொன்று கொடுத்த வண்டி, அதே டிரைவர், அதே ரோடு; மீதி ஏழு கிலோமீட்டர் எங்கே போயிற்று? படித்த பையனல்லவா, நேரே விடைக்கு வந்துவிட்டான். சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரத்தில், டிரைவர்கள் எல்லாரும் கேட்டில் நிற்கும்போது, கன்னையனின் மொபெட் பெட்டியைத் திறக்கச் சொன்னான். சாப்பாட்டுத் தூக்கு, பெயிண்ட் பிரஷ், ஒரு பழைய துண்டு. அதற்கடியில் இரண்டு முழ டியூப்.

டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்ச எந்த டிரைவரும் வைத்திருக்கும் அதே டியூப். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தம்பி, அது பேட்டரிக்குப் பஞ்சு ஊதறதுங்க" என்றார் கன்னையன். "பேட்டரிக்குக் காத்துப் பத்தலீங்க. அதான் மைலேஜ் கொறையுது. டியூபை மோந்து பாருங்க. பெட்ரோல் வாசமே இருக்காது."

பெட்ரோலைக் கேட்டால் பேட்டரி என்கிறான் பார் என்று சரவணக்குமார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். மோந்து பார்க்கவில்லை. முதலாளி ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மைதிலி அம்மா காருக்குள், சிவப்பு ஃப்ளீஸ் மேல், உட்கார்ந்திருந்தார். அந்த உறைதானுங்க காரணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கன்னையன் அம்மாவைப் பார்த்தார். அம்மா வேறு பக்கம் பார்த்தார். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் அவர் பேரை இழுக்கக் கன்னையனுக்கு வாய் வரவில்லை. சாவியை வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். டியூபைச் சரவணக்குமார் வாட்ச்மேன் ரூமில் ஆணியடித்து மாட்டினான். மற்ற டிரைவர்களுக்குப் பாடமாக இருக்கட்டுமாம்.

பத்தொன்பது வருடத்துப் பேர் ஒரே நாளில் பனியன் கம்பெனிகள் அத்தனையிலும் நாறியது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், நீங்கதானா அந்த டியூப் என்று கேட்டார்கள். தையல் வேலைக்குப் பெண்களை ஏற்றிவருகிற ஒரு ஓட்டை வேன் கடைசியில் கிடைத்தது. அதிலும் வேன் முதலாளி பெட்ரோலை அளந்துதான் ஊற்றினான். ராமாத்தாள் ரேஷன் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினாள்.

ஜூன் கடைசியில் ராபின் போன் செய்தான். கார் ரோட்டிலேயே நின்றுபோய்க் கட்டி இழுத்து வந்தார்களாம்.

"அண்ணாச்சி, ஃபேனுக்குள்ள இருந்து ஒரு கை செவப்புப் பஞ்சு எடுத்தேன்" என்றான். "மொதலாளி கையிலயே குடுத்துட்டேன். இந்த உறையப் போட்டா எவன் ஓட்டினாலும் பதினாலுதான் குடுக்கும்னும் சொல்லிட்டேன், பாத்துக்கிடுங்க."

கன்னையன் அன்றைக்கு ராமாத்தாளிடம் கோழி அடிக்கச் சொன்னார். முதலாளி கூப்பிடுவார், கூப்பிட்டே தீருவார். போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார், குளிக்கப் போகும்போது மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. உறையைக் கழற்றிய கார் மறுபடி இருபது கொடுக்க ஆரம்பித்தது என்று கேள்விப்பட்டார். சார்ட்டில் புது டிரைவர் பேருக்கு நேராக இருபது என்று எழுதினார்களாம். கன்னையன் போனதும் மைலேஜ் ஏறிவிட்டது பார்த்தாயா, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கம்பெனி முழுக்கப் பேச்சாம். கேட்டபோது அவருக்கு அழுகை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்தக் கார் சத்தமில்லாமல் பூண்டியில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. மோகன்ராஜ் தானே ஓட்டி வந்திருந்தார். ராமாத்தாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"போனது போகட்டும் கன்னையா. பையன் சின்னவன், வெவரம் பத்தாது. கம்பெனியில எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன், கன்னையனை மன்னிச்சுட்டேன்னு. நாளைக்கே வண்டிக்கு வந்துரு."

கன்னையனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

"ராபின் பஞ்சைக் காட்டலீங்களா மொதலாளி?"

"காட்டுனான்."

"அப்பறம் எதைங்க மன்னிச்சீங்க?"

மோகன்ராஜ் சொம்பைக் கீழே வைத்தார். உறைதான் காரணம் என்று வெளியே சொன்னால் வீட்டில் மைதிலி முகத்தில் எப்படி விழிப்பது, நாளைக்குக் கம்பெனியை நடத்தப்போகிற பையனை ஆட்கள் மதிப்பார்களா என்றெல்லாம் மெதுவாக விளக்கினார். சம்பளத்தை ஏற்றித் தருவதாகச் சொன்னார். தப்பே செய்யாதவனிடம் பேசுகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் கன்னையனால் தாங்க முடியாமல் போயிற்று.

"நீங்க யாரையும் எதுவும் சொல்ல வேண்டாமுங்க" என்றார். "அந்த டியூபை ஆணியிலிருந்து எடுத்து, டிரைவருங்க நிக்கையில, ஒருக்கா மோந்து பாருங்க. பாத்துட்டுக் கீழ போட்டுருங்க. அது போதுமுங்க. அன்னைக்கே வந்தர்றேன்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மோகன்ராஜ் கிளம்பினார். கதவைச் சாத்தும்போது, முன்டயரில் காற்று குறைவாக இருப்பது கன்னையன் கண்ணில் பட்டது. சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. வண்டி ஓட்ட ஆரம்பித்த நாள் முதல் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

போனால்தான் என்ன, அவரே மன்னித்துவிட்டேன் என்கிறாரே என்று ராமாத்தாள் அழுதாள். செய்யாததற்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டால் செய்ததாகவே ஆகிவிடும் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, கன்னையன் வேனைத் துடைக்கப் போனார்.

டியூப் இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. மோகன்ராஜ் தினமும் காலையில் அதைக் கடந்துதான் உள்ளே போகிறார், கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. புதிதாக டிரைவர் வேலைக்குச் சேருகிறவனுக்கு வாட்ச்மேன் முதலில் அதைத்தான் காட்டுகிறான். கன்னையன் என்று ஒருத்தன், பத்தொன்பது வருசம் இதை வைத்துத்தான் உறிஞ்சினான் என்கிறான். வாயைப் பிளந்து கேட்கிறார்கள். ஒருவனும் இதுவரை அதை எடுத்து மோந்து பார்க்கவில்லை.