இன்னொரு காது பாக்கி

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டில் பாட்டுக் கேட்கிற ஒரே ஸ்பீக்கர் பெட்டிக்கு இரண்டு வெவ்வேறு ஆம்ப்ளிபையர் வைக்கலாம், கனத்த சத்தத்துக்கு ஒன்று, மெல்லிய சத்தத்துக்கு ஒன்று என்று நண்பர் ஒருவர் ஒரு சாயங்காலம் முழுக்க விளக்கினார். எனக்குப் புரியவில்லை. புரியாத விஷயத்தைக் கதையாக எழுதிவிடுவது என் நெடுநாள் வழக்கம். பியூஸ் போனால் மெழுகுவர்த்தி தேடுகிற ஆள் நான். அதனால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். கனகாவுக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

முதல் தொடக்கம்: 'அறுபத்து நாலாம் வருஷம் உத்திரமேரூரில் நல்ல மழை—' அடித்துவிட்டேன். அந்த வருஷம் மழை பெய்ததா என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது: 'சங்கீதம் என்பது யாதெனில்—' ஐயோ, வேண்டாம்.

மூன்றாவது: கனகாவின் மகள் அம்முலுவுக்கு மூன்று வயது முடியப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. இது இருக்கட்டும்.

2

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். கனகாவின் அண்ணன் பஞ்சாட்சரம் பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் மைக் செட் வைத்திருக்கிறான். புருஷன் சுப்பிரமணி உத்திரமேரூர் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிறான். ஒரே தொழில் மாதிரிதான், ஆனால் இருவருக்கும் பேச்சு கிடையாது.

ஒரு கல்யாணத்தில் பஞ்சாட்சரத்தின் மைக் 'கீ' என்று கத்தியது. அவன் வந்து சேர்வதற்குள் சுப்பிரமணி பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து ஓடி, இடது கையால் வால்யூம் குமிழைத் திருகிக் குறைத்துவிட்டான். சத்தம் நின்றது. பந்தியே சிரித்தது.

"என் மிஷின்ல கைய வெக்க இவன் யாரு? எனக்கு இன்னா, காது கேக்கலியா?" என்றான் பஞ்சாட்சரம். அன்றோடு சரி.

நாலு வயது பிறந்துவிட்டால் இரட்டைப்படை, குத்தமாட்டார்கள். அப்புறம் ஐந்து வரைக்கும் காத்திருக்க வேண்டும். "வேற யார் மடியிலனா வெச்சிக் குத்தேன்" என்றான் சுப்பிரமணி.

"உசுரோட கீற அண்ணன வெச்சிக்கினு வேற மடிக்கு நான் எங்கங்க போறது?" என்று கேட்டுவிட்டு அழுதாள் கனகா.

(இந்த இடத்தில் காது குத்துவதைப் பற்றிய சிலேடை ஒன்று வாசலில் வந்து நின்றது. கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.)

3

கனகாவை அழுகிற பெண்ணாகத்தான் திட்டமிட்டிருந்தேன். மூன்றாம் பகுதியிலும் அழவைக்கப் பார்த்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் இருந்த பெட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அது சுப்பிரமணி செய்த பெட்டி. உள்ளே பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்னது ஒன்று. அவனுடைய பழைய வால்வு ஆம்ப்ளிபையரால் இரண்டையும் இழுக்க முடியவில்லை. பெரியது உறுமியது, சின்னது வாயே திறக்கவில்லை.

"பெருசுக்குத் தனியா ஒரு மிஷின் வெச்சா இன்னாங்க? 'என் மிஷின் வந்தாதான் அந்தப் பொட்டி பேசும்'னு எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாராம்."

"சொல்லிக்கினு கீறாரா? எத்துனு வரச் சொல்லு, பாக்கலாம்!"

பெருநகருக்கு வேறு மாதிரி சொல்லி அனுப்பினாள்: "மாப்ளையால முடியல. உன் மிஷின்தான் வோணுமாம்." இரண்டும் பொய். இரண்டும் அவள் சொன்ன பொய், என் தலையில் கட்டாதீர்கள்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ரெக்கார்டு சுற்றுவது ஒரே இடத்தில்தான். அங்கிருந்து இரண்டு மிஷினுக்கும் சத்தம் பிரிந்து போகிறது. பஞ்சாட்சரத்தின் மிஷின் பெரிய ஸ்பீக்கருக்கு, சுப்பிரமணியுடையது சின்னதற்கு. இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ். ஒன்றை மட்டும் ஏற்றினால் பாட்டு கெட்டுவிடும். இதற்கு மேல் வேண்டுமானால் நண்பரைக் கேளுங்கள், ஒரு சாயங்காலம் போய்விடும்.

4

பஞ்சாட்சரம் பஸ் கூரையில் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்தான். தன் குமிழருகே இவன் உட்கார்ந்தான், தன் குமிழருகே அவன்.

"கனகா, அவர கொஞ்சம் கொறைக்கச் சொல்லு."

"கனகா, மாப்ளைய கொஞ்சம் ஏத்தச் சொல்லு."

கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டினால் எட்டும். கனகா நடுவில் நின்று இருவர் சொன்னதையும் திருப்பிச் சொன்னாள். அப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது பாட்டு கூடிவந்தது. பெரியதிலிருந்து தவில், சின்னதிலிருந்து நாகஸ்வரம். இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

(கனமும் மெலிசும் சேர்ந்தால்தான் வாழ்க்கை என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.)

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கனகா கொல்லைப்பக்கம் போய், காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்த ஆசாரியை அழைத்துவந்தாள். அம்முலுவைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள். அவனும் கட்டிக்கொண்டான்.

5

வலது காது ஆயிற்று. அம்முலு அலறினாள்.

"சவுண்ட ஏத்துங்கப்பா, கொழந்த பராக்குப் பாக்கட்டும்!" என்றார் ஆசாரி.

சுப்பிரமணி தன் குமிழை ஏற்றினான். நாகஸ்வரம் மட்டும் வீறிட்டது, குழந்தை இன்னும் பயந்தது. தவிலை ஏற்ற வேண்டும். பஞ்சாட்சரத்தின் இரண்டு கையும் குழந்தையின் தலையைப் பிடித்திருக்கின்றன. சுப்பிரமணியின் கை மச்சானின் குமிழை நோக்கிப் போய், தொடாமல் அதன் மேலே அப்படியே நின்றுவிட்டது.

முடிவு ஒன்று: 'ஏத்து மாப்ள' என்கிறான் பஞ்சாட்சரம். எழுதிவிட்டுக் கொஞ்சம் கண்கூடக் கலங்கினேன். அடித்துவிட்டேன். அவன் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை, இரண்டாம் பகுதியில் நானே கெடுத்து வைத்திருக்கிறேன்.

முடிவு இரண்டு: கனகாவே இரண்டு கையாலும் இரண்டு குமிழையும் ஏற்றுகிறாள். "ஏய், வால்வு பூடும்!" என்று மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் கத்துகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்முலுவின் காலைப் பிடித்திருப்பது யார்? கனகாதான். இதை யோசிக்காமல் எழுதியது நான்தான்.

முடிவு மூன்று: சுப்பிரமணி கையை—

தெரியவில்லை. ஆசாரி இடது காதுக்குக் கம்பியோடு காத்திருக்கிறார். கனகா புருஷனின் கையையே பார்க்கிறாள். பஞ்சாட்சரமும் அந்தக் கையைத்தான் பார்க்கிறான். 'எடு கைய' என்று இன்னும் சொல்லவில்லை.

நான் பேனாவை மூடிவிட்டேன். குழந்தை அழுகிறது, நீங்களாவது சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.