கொட்டுச் சத்தம் கேட்கிற பெட்டி

ருமியானாவால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கடைக்குள் நுழைந்ததிலிருந்து காலில் சுடுதண்ணீர் கொட்டியவள் மாதிரி வாஷிங் மெஷின் வரிசைக்கும் ஸ்பீக்கர் மேஜைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். மேஜை மேல் மூன்று ஸ்பீக்கர்கள். நாளை வியாழக்கிழமை, வாராவாரம் ஹோரோ ஆடுகிற நாள். நாளை மாலை யாம்போல் ஊர்ச் சதுக்கத்தில் நீரூற்றைச் சுற்றிப் பாதி ஊர் கைகோத்து நிற்கும், அந்த வரிசையின் முதல் ஆளாக அவள் நிற்க வேண்டும். அதற்குள் இந்த மூன்றில் ஒன்றை வாங்கியாக வேண்டும், அதுவும் சரியானதை. தப்பானதை வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளுக்குக் காது கேட்பதில்லை.

ஒரேயடியாகச் செவிடு என்றும் சொல்லிவிட முடியாது. அரை ஆயுள் காலம் ஆலையில் தறிகளுக்கு நடுவில் நின்றவள். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கூலியை எடுத்துக்கொண்டது. கீச்சுச் சத்தங்கள் முதலில் போயின. குருவி போயிற்று, கதவு மணி போயிற்று. அடித்தொண்டைச் சத்தங்கள் மட்டும் மிச்சம். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே முழுசாகப் புரிந்துகொள்வாள். தறிக்கூடத்துப் பெண்கள் எல்லோருக்கும் அந்த வித்தை உண்டு, அவர்கள் ஊர்வம்பு பேசியதே வாயசைவில்தான். புரியாத இடத்தில் அந்த ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆமாம் என்று சொல்லிவைப்பாள். அப்படி ஆமாம் போட்டே ஒன்றிரண்டு கல்யாணத்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள், அது வேறு கதை.

ஆனால் ஹோரோ ஆட்டத்தை ஆமாம் போட்டு ஒப்பேற்ற முடியுமா? முதலில் நிற்பவள் வலது கையில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு காலை எடுத்து வைத்தால்தான் பின்னால் இருக்கிற வரிசை நகரும். அவள் வளைந்தால் வரிசை வளையும். கைடா என்கிற அந்தத் துருத்திக் குழல் பாட்டை வாசிக்கும், டபான் என்கிற பெரிய கொட்டு அடியில் நின்று தாளம் போடும். கைடாவின் சத்தம் போன குளிர்காலத்தோடு அவளுக்குப் போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பது கொட்டு மட்டும்தான். அதைக் காதால் பாதி, நெஞ்சால் பாதி கேட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்கு ஆட்டக் கூட்டம் பாட்டுப் போடுகிற பழைய ஸ்பீக்கர் தோதாக இருந்தது. மேல் சத்தமெல்லாம் கிழிந்து, கைடா வாசித்தால் ஜலதோஷம் பிடித்த வாத்து கத்துவதுபோல் இருக்கும் என்று எல்லோரும் புலம்புவார்கள். ஆனால் கொட்டு மட்டும் தொம் தொம் என்று தரையில் இறங்கும். மாற்றலாம் என்று யார் வாயெடுத்தாலும் ருமியானா, நன்றாகத்தானே இருக்கிறது, காசைக் கரியாக்காதீர்கள் என்று அடக்கிவிடுவாள். போன வாரம் ஸ்டாமென் அதை நீரூற்றின் விளிம்பில் வைத்தான், அது தன் அதிர்வாலேயே நகர்ந்து நகர்ந்து ஆட்டத்தின் நடுவில் தண்ணீருக்குள் குதித்துவிட்டது. கூட்டத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்தத் தடவையாவது பாட்டு கேட்கிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லி, போட்டு உடைத்த குற்றத்துக்கு ஸ்டாமெனையும் அவளோடு கூட்டி அனுப்பினார்கள்.

வந்த துணையும் சரியில்லை. ஸ்டாமென் டவுன் பஸ் ஓட்டுகிறவன், அவளைவிடப் பத்து வயது சின்னவன், வரிசையில் அவளுக்கு அடுத்து நிற்கிறவன். அவளுடைய இடது கை அவன் பிடியில். அந்தச் சதுக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு: முதல் இடம் வேண்டும் என்று யாரும் வாயால் கேட்பதில்லை. இரண்டாவதாக நிற்கிறவன் ஆடும்போது முதல் ஆளின் கையை அழுத்துவான், போதும், கைக்குட்டையைக் கொடு என்று அதற்கு அர்த்தம். ருமியானாவே ஒரு காலத்தில் அப்படி அழுத்தித்தான் அந்த இடத்துக்கு வந்தாள். ஈஸ்டர் கழிந்ததிலிருந்து ஸ்டாமென் அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஆட்டத்துக்கு ஆட்டம், விடாமல். அக்கா அக்கா என்று தேனொழுகக் கூப்பிடுவான், கையில் இப்படி. அவளுக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

இப்போதும் பார், ஆற அமரச் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

ஆசென் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த விற்பனையாளன் நல்ல பேச்சுக்காரன். முதல் ஸ்பீக்கர் பன்ரொட்டி மாதிரி உருண்டையாக இருந்தது. தண்ணீரில் போட்டாலும் மிதக்கும் என்றான். ஸ்டாமென் அதை ஆசையோடு பார்த்தான், பார்க்காமல் என்ன செய்வான். ருமியானா அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. வேண்டாம் என்று தள்ளினாள்.

இரண்டாவது, கறுப்பாக, நீளமாக, மடக்கிய குடை அளவில். இதில் பாட்டுக்கருவி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் ராத்திரி முழுக்க வரும் என்றான் ஆசென். ஸ்டாமென் தன் போனிலிருந்து ஒரு ஹோரோப் பாட்டைப் போட்டான். போட்டவுடன் அவன் முகம் மலர்ந்துபோயிற்று. விதையை மெல்லுவதை நிறுத்திவிட்டான். அங்கே ஃபிரிட்ஜ் பார்க்க வந்திருந்த ஒரு பெண்மணிகூடத் திரும்பிப் பார்த்தாள். ருமியானா உள்ளங்கையை வைத்தாள். கொட்டு இருந்தது, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்புறம் யாரோ தட்டுவதுபோல. கையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது பெட்டி கைப்பிடி வைத்த பெரிய சதுரம். முன்னால் சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஓடியது. அதே பாட்டைப் போட்டதும் மேஜையே நடுங்கியது. அவள் பெட்டியைத் தரையில் வைக்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதன் பக்கத்தில் நின்றாள். தொம். தொம்-தொம். வாரம் முழுக்கத் தொலைந்துபோயிருந்த உயிர் காலடி வழியாக ஏறி வந்தது. இதுதான், பில் போடு என்றாள்.

ஸ்டாமென் காதைப் பொத்திக்கொண்டான். இது பெட்டியா, இடிவிழுந்த மாதிரி இருக்கிறது, கைடா எங்கே போயிற்று, கல்யாண வேனில் கட்டுகிற சாமான் இது என்று அடுக்கினான். அவளும் விடவில்லை. திறந்தவெளி ஆச்சே, காற்றடித்தால் அந்தக் குடைக்காம்பு எங்கே கேட்கும், கைப்பிடி இருக்கிறது, தூக்கச் சௌகரியம், விளக்குகூட இருக்கிறது என்று சப்பைக்கட்டு கட்டினாள். விளக்கு என்றால் அவளுக்கே ஆகாது. அது ஸ்டாமெனுக்கும் தெரியும். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

சண்டை முற்றுகிறது என்று கண்ட ஆசென் ஒரு யோசனை சொன்னான். பெட்டியின் அழகு கண்ணை மயக்கிவிடும், ஆகவே மேடம் திரும்பி நின்றுகொள்ளட்டும், இரண்டிலும் மாற்றி மாற்றிப் போடுகிறேன், எது நன்றாக இருக்கிறது என்று காது சொல்லட்டும் என்றான். இதற்கு மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். 

எதிரில் வாஷிங் மெஷின்களின் வட்டக் கண்ணாடிகள். ஒன்றில் ஆசெனின் உருவம் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கண்ணாடிக்குள் அவன் ஒரு விரலைத் தூக்கினான். கொஞ்சம் பொறுத்து இரண்டு விரலைத் தூக்கினான். இரண்டு என்றால் பெரிய பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். நெஞ்சில் தொம் விழவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. தூரம் நிற்கிறோம், அதனால் இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

"இதுதான். கைடா எவ்வளவு சுத்தமா வருது, கேளு ஸ்டாமென்," என்றாள்.

யாரும் அசையவில்லை. கண்ணாடிக்குள் ஆசெனின் உதடுகள் மெல்ல அசைந்தன. தறிக்கூடத்துக் கண் அதை எழுத்து விடாமல் படித்தது.

"நான் இன்னும் பாட்டே போடல மேடம். புளூடூத் கட்டாயிடுச்சு. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு சாருக்குத்தான் விரலைக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

 திரும்ப வேண்டும், திரும்பினால் ஸ்டாமெனின் முகத்தைப் பார்க்க வேண்டும். திரும்பினாள். ஸ்டாமென் கடகடவென்று சிரித்துக்கொண்டிருந்தான். ஆசெனின் தோளில் ஓங்கி ஒன்று வைத்து, அக்கா உன்னைச் சோதிக்கிறாள் தம்பி, நீ ஏமாற்றுகிற ஆளா இல்லையா என்று பார்த்தாள், இவளிடம் நாங்களெல்லாம் தினமும் இப்படித்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம் என்றான். ஆசெனும் அசடு வழியச் சிரித்தான். அதற்குள் ஃபிரிட்ஜ் பெண்மணி அவனைக் கூப்பிட, அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஸ்டாமெனின் சிரித்த முகம் சட்டென்று அணைந்துபோனதை ருமியானா பார்த்தாள். அவ்வளவுதான், குட்டு உடைந்துவிட்டது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே நடந்தாள். கார் நிறுத்துகிற இடத்தில் வெயில் கொளுத்தியது. ஸ்டாமென் பின்னாலேயே ஓடிவந்து அவளுக்கு முன்னால் போய், அவள் பார்வை படும்படி நின்றான். அதைக் கவனித்ததும் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"போ, போய் எல்லார்கிட்டயும் சொல்லு. செவிடி உங்களை ஆட்டி வச்சிருக்கான்னு சொல்லு," என்றாள். கைப்பையைத் திறந்து, எப்போதும் மடித்து வைத்திருக்கும் கைக்குட்டையை எடுத்து அவன் நெஞ்சில் அழுத்தினாள். "இந்தா. இதுக்குத்தானே ஈஸ்டர்லேர்ந்து என் கைய நசுக்கிக்கிட்டு இருக்க. வச்சுக்கோ."

ஸ்டாமெனுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. கைக்குட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அப்படியா நெனச்ச?" என்றான். "அக்கா, நான் இடத்தைக் கேக்கல. தாளத்தைக் கொடுத்தேன்."



அவன் சொன்னான், மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து. ஈஸ்டர் அன்று பாய்துஷ்கோ, அந்த நொண்டி ஆட்டத்தில், அவள் பாதித் தாளம் பிந்திக் காலெடுத்தாளாம். வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறாள் என்று மற்றவர்கள் சிரித்தார்களாம். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின வாரம் பஸ்ஸுக்குள்ளிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறான், அவள் திரும்பவே இல்லை. கையை ஒரு தடவை அழுத்தினான். அவள் கால் சரியாக விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கொட்டுக்கும் ஒரு அழுத்து. விட்டுவிட்டால் எங்கே இடறிவிடுவாளோ என்று பயமாக இருந்ததாம்.

ருமியானாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கொட்டைக் கேட்டு ஆடுகிறோம், இன்னும் நமக்கு வலுவிருக்கிறது என்று நிமிர்ந்து நின்றாளே, அத்தனை வியாழக்கிழமையும் அவளை ஒருவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்திருக்கிறான். நன்றி சொல்வதா, கன்னத்தில் அறைவதா?

"அப்போ இத்தனை நாளா நீதான் ஆட்டத்த நடத்தியிருக்க," என்றாள். அவமானத்தில் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தள்ளுவண்டியோடு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"நானா? உனக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு நான் முன்னாடி நின்னேனே, மறந்துட்டியா? மொத்தக் கூட்டத்தையும் கொண்டுபோய்க் காப்பிக்கடை நாற்காலிக்குள்ள சொருகிட்டேன். அந்தக் கடைக்காரர் இன்னிக்கும் எனக்குக் காப்பி தர்றதில்ல. எங்க வளையணும், யாருக்கு முட்டி வலிக்குது, எப்ப மெதுவாக்கணும், அதெல்லாம் உனக்குத்தான் தெரியும். எனக்குத் தாளம் மட்டும்தான் தெரியும் அக்கா."

கைக்குட்டையை அவள் கைப்பையின் மேல் வைத்தான். நீ வேண்டுமென்றால் அந்த இடிப் பெட்டியையே வாங்கிக்கொள்வோம், கூட்டம் திட்டினால் நான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன், தண்ணீருக்குள் தள்ளியவன் நான்தானே என்றான்.

அவள் கடையின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே தரையில் அந்தப் பெரிய பெட்டியின் விளக்கு சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை வாங்கினால் காலடியில் கொட்டு இருக்கும், யார் தயவும் வேண்டாம். வரிசையில் மற்ற எல்லோருக்கும் மறுபடி ஜலதோஷ வாத்து. அந்தக் கறுப்புக் குடை பாடியபோது ஸ்டாமெனின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு காலத்தில் கைடா கேட்டால் முகம் அப்படித்தான் ஆகும்.

உள்ளே போனாள். கறுப்பு நீளத்தைக் காட்டி, இதைக் கட்டு என்றாள். ஆசென் குழம்பினான், ஆனாலும் பில்லைப் போட்டுவிட்டான்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகப் பொறுமையில்லை அவளுக்கு. இங்கேயே போடு என்றாள். ஸ்டாமென் காரின் முன் மூடிமேல் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட்டான். அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுவருக்கு அந்தப்புறம் யாரோ தட்டினார்கள், அவ்வளவுதான். கையை எடுத்தாள். கைக்குட்டையை விரித்துக்கொண்டு, தனியாகவே, நிமிர்ந்து காலெடுத்து வைத்தாள். நாலடி போனதும் ஸ்டாமெனின் முகத்தைப் பார்த்தாள். அவன் புன்னகைக்கப் பார்த்தான். ஆனால் அவன் குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அது ஒரு கணக்கில் போயிற்று, அவள் கால் வேறு கணக்கில் போயிற்று.

நின்றாள். இந்த மாதங்களில் எத்தனையோ தடவை அவன் பிடியிலிருந்து உருவிக்கொள்ளப் பார்த்த இடது கையைத் தானாகவே பின்னால் நீட்டினாள். அவன் வந்து பிடித்தான். மரியாதைக்கு அழுத்துவதுபோல் லேசாக ஒரு அழுத்து.

"இன்னும் நல்லா அழுத்துடா," என்றாள். "கூச்சப்படாத."

அவன் அழுத்தினான். அவள் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு, வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே, எங்கேயும் இடிக்காமல் அவனை அழைத்துக்கொண்டு போனாள்.