கன்ட்ரோலம்மாவின் செட்டு

"கூப்பிட்டப்ப வராதவங்க இப்ப எதுக்கு வரிசை கட்டி நிக்கறீங்க?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த டிரைவர் ஒற்றைக்காலில் அப்படியே நின்றுவிட்டார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். கண்ணாடிக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் தெரு முழுக்க டாக்சிகள். காலையிலிருந்து ஒவ்வொரு டிரைவராக வந்து, முன்னறையில் கிடத்தியிருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். நீலிக்கண்ணீர் என்று வாசலில் நின்ற மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று மதியம் தையல் கடையிலிருந்து அவள் சாப்பிட வந்தபோது அம்மா கட்டிலிலிருந்து விழுந்து தரையில் உயிர் போய்க் கிடந்தாள். வயர்லெஸ் செட்டின் சுருள் வயர் இழுபட்டு நீண்டிருந்தது, மைக் அம்மாவின் கைக்குள் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. செல்போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

அம்மா வாதத்தில் கால் விழும்வரை டாக்சி கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தவள். வழி தெரியாமல் முழிக்கிற டிரைவரிடம், "எதுத்தாப்ல பேக்கரி இருக்கா? அப்ப தப்பான தெருவுலதான் நிக்கற. வந்ததுக்கு ஒரு பன்னு வாங்கித் தின்னுட்டுத் திரும்பு" என்பாள். அவள் வீட்டோடு முடங்கியபோது பழைய முதலாளி, வண்டியில் மாட்டுகிற அதே செட்டு ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மாடியில் ஆன்டெனா, மேசைக்கடியில் பேட்டரி. அதைப் பொருத்தியது இவள் தம்பி. அந்தக் கம்பெனியின் செட்டுகளை எல்லாம் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் அவன்தான்.

"எப்ப கூப்பிட்டாங்க தங்கச்சி?" என்றார் கண்ணாடிக்காரர். "அம்மா குரலைக் கேட்டே மாசக்கணக்காச்சு. எல்லாச் செட்டையும் புதுசா புரோகிராம் பண்ணாங்களே, அதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை. எங்க மேல ஏதோ கோவம்னு நினைச்சோம். தினம் காலைல 'வணக்கம் கன்ட்ரோலம்மா'ன்னு சொல்லுவேன். பதிலே வராது."

அந்த வணக்கம் வரும்போதெல்லாம் அம்மா மைக்கைப் பிடித்துத் தொண்டை கிழியப் பதில் சொன்னதை அவள் பார்த்திருக்கிறாள். யாருமே பேசாதது போல அடுத்த ஆளின் பேச்சு தொடரும். "வணக்கம் மட்டும் சொல்றான், நான் பேசினா செவிடன் மாதிரி இருக்கான். நக்கலைப் பாரு" என்று அம்மா மைக்கை மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "விடும்மா, நன்றிகெட்ட ஜென்மங்க" என்று இவளும் சேர்ந்து திட்டியிருக்கிறாள்.

"நேத்து மதியம் நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துத் தெருவுலதான். சவாரி இல்ல. வண்டிலயே உக்காந்து சாப்பிட்டேன்." அவருக்கு ஏதோ உறைத்தது. "ஏன் தங்கச்சி? அம்மா கூப்பிட்டாங்களா?"

அவள் விடுவிடுவென்று உள்ளே போனாள்.

அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப், அதிலிருந்து ஒரு வயர் செட்டுக்குப் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடினான்.

"செட்டு சரியா இருக்கான்னு பாத்தேன்க்கா. பேட்டரி இறங்கியிருக்கலாம். இல்லன்னா மாடில கனெக்டர் துருப்பிடிச்சிருக்கும். அப்படின்னா பவர் சரியா வெளிய போகாது."

அவள் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனான். பையிலிருந்து, வெளியே போகிற பவரைக் காட்டும் மீட்டரை எடுத்து ஆன்டெனா வயருக்கு நடுவில் பொருத்தி மைக்கை அழுத்தினான். முள் தூக்கத்தில் புரள்கிற மாதிரி லேசாக அசைந்து படுத்தது. பேட்டரியில் வோல்டேஜ் பார்த்தான், நன்றாகவே இருந்தது. கனெக்டரைக் கழற்றித் துடைத்து மறுபடி முடுக்கினான். முள் அதே இடத்தில்தான் நின்றது.

அவள் லேப்டாப்பிலிருந்து செட்டுக்குப் போன வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவு வீட்டுக்கு எதுக்குடா இந்தப் புரோகிராம் பண்ற வயரை எடுத்துட்டு வந்த?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருகிட்ட காது குத்தற? வந்ததும் நேரா இந்த ரூமுக்குள்ள வந்து கதவைச் சாத்தியிருக்க. சொல்லுடா."

"புது முதலாளிக்கா," என்றான். "சவாரி சொல்ற நேரத்துல கிழவி குறுக்க பேசுது, செட்டைப் பிடுங்குன்னான். பிடுங்கினா அம்மா தாங்காது. கேக்கறதாவது கேட்டுட்டு இருக்கட்டும்னு, புரோகிராம் பண்றப்ப அனுப்பற பவரை மட்டும் அடிமட்டத்துல வெச்சுட்டேன். மலை மேல டவர் இருக்குல்ல, அது வாங்கித் திருப்பி அனுப்பினாத்தான் வண்டிங்களுக்குக் கேக்கும். இந்தப் பவர் அதுவரைக்கும் எட்டாது."

"பக்கத்துத் தெருவுல நின்னாலுமா?"

"பக்கத்துத் தெருன்னாலும் டவர் வழியாத்தான்க்கா."

"அம்மா உன்கிட்ட கேட்டாங்களே. 'ஏண்டா, என் செட்டுல பவர் போகலையோ'ன்னு. நான் அடுப்படியில நின்னுட்டிருந்தேன்."

அவன் லேப்டாப் மூடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்ன?"

"செட்டு நல்லாத்தான் இருக்கு, எல்லாரும் பிஸியா இருக்காங்கன்னு."

அடப்பாவி. இவனை அவள் இடுப்பில் தூக்கி வளர்த்திருந்தாள். இப்போது கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது. அம்மா எத்தனை தடவை அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பாள், யார் யார் வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள், ஒருத்தனும் பேசாதபோது என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பாள் என்று மனம் ஓடியது. அதை நிறுத்த அவளால் முடியவில்லை.

"வெளிய சொல்லிடாதக்கா. டிரைவருங்க என் மூஞ்சில முழிக்க மாட்டாங்க."

"ஏத்துடா பவரை."

அவன் லேப்டாப்பைத் திறந்து எதையோ மாற்றினான். செட்டு ஒருமுறை கீச்சிட்டு அணைந்து எரிந்தது. அவன் மைக்கை அழுத்தினான். மீட்டரின் முள் துள்ளி எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றது.

"இவ்வளவுதானா வேலை?"

"இவ்வளவுதான்."

முன்னறையில் யாரோ, வண்டி வந்துவிட்டது, தூக்குகிறவர்கள் வாருங்கள் என்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டிரைவர்கள் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு கும்பலாக நின்றார்கள். கதவு திறந்து கிடந்த வண்டிகளில் செட்டுகள் கரகரத்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் கூட்டத்தில் சேராமல் தன் வண்டிமேல் சாய்ந்திருந்தார்.

அவள் மைக்கைத் தம்பியின் கைக்குள் வைத்தாள்.

"டிரைவருங்க மேல அம்மா கோவமாப் போய்ட்டாங்கன்னு நினைச்சுட்டு அவங்க தூக்கக் கூடாது. சொல்லு."

"நேர்ல போய்ச் சொல்றேன்க்கா."

"இதுலயே சொல்லு."

அவன் கட்டை விரலால் பொத்தானை அழுத்தினான். செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. தெருவில் கரகரப்பெல்லாம் ஒன்றாக அடங்கியது. சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கண்ணாடிக்காரர் தன் வண்டிக்குள் குனிந்து செட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

வாசலில் நின்ற அத்தனை வண்டிகளிலிருந்தும் தம்பி மூச்சு விடுவது கேட்டது.