இரண்டு பேர் கூட்டம்

ஆடிட்டர் அந்த நோட்டீஸை மூன்றாம் முறையாக வாசித்துக் காட்டினார். அவள் மூன்றாம் முறையாகவும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் இருபது கம்பெனிகளுக்கு மேல் இயக்குநராக இருக்கக் கூடாது என்பது சட்டம். அவள் பெயர் இருபத்தொன்றில் இருந்தது. ஒன்றிலிருந்து விலகும்வரை நாளுக்கு இவ்வளவு என்று அபராதம்.

எல்லாம் அண்ணன் செய்த வேலை. லாரிக்கு ஒரு கம்பெனி, லாரி நிற்கிற இடத்துக்கு இன்னொரு கம்பெனி. தங்கச்சி பேர் ராசியானது என்று ஒவ்வொன்றிலும் அவளைச் சேர்த்துவிட்டார். பென்சிலால் குறி போட்டிருந்த இடத்திலெல்லாம் அவளும் கையெழுத்துப் போட்டாள். எத்தனை என்று எண்ணிப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அண்ணன் கம்பெனி எதையும் தொட முடியாதுக்கா. எல்லாத்துலயும் உங்க கையெழுத்த நம்பித்தான் பேங்க் கடன் குடுத்திருக்கு. கழட்டி விடக்கூடியது அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒண்ணுதான். பேருக்குத்தானே இருக்கு? ஒரு கையெழுத்து, சனியன் தொலஞ்சுது" என்றார் ஆடிட்டர்.

அந்தச் சனியன்தான் அவளுடைய முதல் கம்பெனி. அவளும் கணவனும் ஒரு அச்சகத்தின் மாடியறையில் அட்டை மடித்து, பசை தடவி, விரலெல்லாம் தோலுரிய ஆரம்பித்தது. பிறகு அண்ணனுக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு. அவன் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு, "நீயும் வா" என்றான். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்குத்தான் இந்த ஏழு வருஷப் பிரிவு.

வேறு ஊரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை, கம்பெனிக் காகிதத்தில் அவன் கையெழுத்து மட்டும் தபாலில் வரும். அதன் கீழே அவள் போட வேண்டும். போடுவதற்கு முன் அந்த மைக்கோட்டை விரலால் தடவிப் பார்ப்பாள். இந்த வயதில் இதென்ன கூத்து என்று வெட்கமாகவும் இருக்கும். ஆனாலும் தடவுவாள்.

நாற்பது நாள் இழுத்தடித்தாள். அபராதம் ஏறிக்கொண்டே போனது. "கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?" என்று அண்ணன் குதித்தார். நாற்பத்தொன்றாம் நாள் ஆடிட்டரிடம் கேட்டாள்.

"விலகல் கடிதத்த யார்கிட்ட குடுக்கணும்?"

"போர்டு கூட்டத்துல வைக்கணும். நீங்களும் சாரும்தானே போர்டு? கூட்டம் நடந்த மாதிரி எழுதி, தபால்ல கையெழுத்து வாங்கிக்கலாம். எல்லாரும் அப்படித்தான்க்கா பண்றாங்க."

"மாதிரி எதுக்கு? நடத்திடுவோம்."

அச்சக மாடியறை, காலை பதினொரு மணி என்று கூட்ட அறிவிப்பு அவனுக்குப் போனது. பதில் வரவில்லை.

அன்று அவள் பத்து மணிக்கே போய்ப் பூட்டைத் திறந்தாள். இரண்டு நாற்காலிகளைத் துடைத்து எதிரெதிரே போட்டாள். அப்புறம் ஒன்றைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினாள். அந்த மரப்படிக்கட்டில் நான்காவது படி அன்றிலிருந்தே மோசம். மிதித்தால் கத்தி ஊரைக் கூட்டும். சற்றுமுன் ஆடிட்டர் ஏறி வந்தபோதுகூட அலறியது. அதைத் தாண்டி ஏறத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"வர மாட்டார் போலிருக்குக்கா. நீங்க போட்டுடுங்க" என்றார் ஆடிட்டர். மணி பதினொன்றே கால். அவள் பேனாவைத் திறந்தாள்.

கீழே யாரோ ஏறும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது படி கத்தவில்லை.