போன செவ்வாயின் தண்ணீர்

காலை பத்தேகாலுக்கு, பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து போன நேரம் பார்த்து, அவள் தன் அப்பா வீட்டுத் தண்ணீர் மீட்டரின் பக்கத்தைத் திறந்தாள்.

ஊரின் ஆறு லட்சம் வீடுகளிலிருந்து அவள் கம்பெனிக்கு மீட்டர்கள் மணிக்கு ஒரு தரம் அளவு அனுப்பும். அத்தனையையும் வாங்கிச் சலித்து அடுக்கிவைக்க ஒரு கணினி போதாது. எங்கோ தொலைவில், கணினிகளை வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனத்தின் கட்டடத்தில், நாற்பது கணினிகள் கூட்டுக்குடும்பம்போலச் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. அந்தக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். எது திணறுகிறது, எதற்கு இடம் நிரம்பிவிட்டது, எப்போது இரண்டைக் கூடச் சேர்க்கவேண்டும், எப்போது ஒன்றை ஓய்வுக்கு அனுப்பவேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவள் வேலை. நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அதில்தான் வினையும் வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் பதினோரு கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து விழுந்தன. போனின் ஓசையை அடக்கிவிட்டு நான்கு மணி நேரம் அவற்றை எழுப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அப்பாவின் அழைப்புகள் பத்தொன்பது. அம்மாவின் உயிர் பிரிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. "அந்தக் கம்ப்யூட்டருங்களே உனக்கு அப்பனும் ஆத்தாளுமா இருக்கட்டும்" என்று அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார். அதன்பிறகு அவள் கூப்பிட்டால் அவர் போனை எடுக்கவில்லை. அவள் போய்க் கதவைத் தட்டியபோதும் திறக்கவில்லை.

தனி ஒரு வீட்டின் தண்ணீரை வேலையில்லாமல் பார்ப்பது தப்பு. அலுவலக விதியும் அதைத்தான் சொன்னது, மனசாட்சியும் அதைத்தான் சொன்னது. ஆனாலும் பார்த்தாள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் பதினோரு லிட்டர்: அப்பா எழுந்துவிட்டார். அடுத்த மணியில் முப்பத்தெட்டு: குளித்துவிட்டார். எட்டு மணிக்கு ஐந்து: ஒரு தட்டு, ஒரு டம்ளர். அம்மா இருந்தவரை அந்தச் சமையலறை ஒருநாளும் ஐந்து லிட்டரில் அடங்கியதில்லை. "கடவுளே, அவரைப் பாத்துக்கோ" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுப் பக்கத்தை மூடுவாள். அவளுடைய காலைப் பிரார்த்தனை இரண்டு வருடமாக அவ்வளவுதான்.

இன்று மூடவில்லை. நேற்று மூன்று மணிக்கு நேராக இருநூற்றுப் பத்து லிட்டர் என்று இருந்தது. அப்பா மாதத்துக்கு ஒருமுறை மாடித் தொட்டியைக் கழுவுவார். போன செவ்வாய்க்கிழமை கழுவியதை அவளே பார்த்தாள். இந்த வயதில் ஏணி ஏறுகிறாரே என்று கோபம்கூட வந்தது. நேற்றும் செவ்வாய். அதே மூன்று மணி, அதே இருநூற்றுப் பத்து. வாராவாரம் தொட்டி கழுவுகிற மனிதரல்ல அப்பா. திங்களைப் பார்த்தாள். போன வாரத் திங்களின் அதே எண்கள், ஒரு லிட்டர் பிசகாமல்.

பழைய எண் திரும்ப வருகிற ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான். ஏதாவது மீட்டர் அளவு அனுப்பாமல் போனால் வரைபடத்தில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் மேலிடம் கேள்வி கேட்கும். அதனால், வராத எண்ணின் இடத்தில் போன வாரத்தின் அதே நாள், அதே மணி எண்ணை நிரப்பிவிடச் சொல்லியிருந்தாள். பாராட்டுக்கூடக் கிடைத்தது. இப்போது நிரப்புவதற்கு முந்தைய பதிவைத் தேடித் திறந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணியோடு அந்த வீட்டின் பேச்சு நின்றிருந்தது. ஐந்து நாளாக அவள் நிம்மதியாகத் தூங்கியது, தானே ஊற்றிவைத்த தண்ணீரை நம்பி.

மீட்டர் கெட்டிருக்கும், அவருக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் நல்ல மீட்டர் பூஜ்யமாவது அனுப்பியிருக்கும் என்று புத்தி சொன்னது. நெஞ்சு கேட்கவில்லை.

"எல்லாம் பச்சைதானே?" என்றபடி மேலாளர் வந்தார். திரையில் சிவப்பு விளக்கு எரியாதவரை உலகத்தில் குறையில்லை என்று நம்புகிறவர். அதனால் அவருக்குப் பச்சை சார் என்றே பெயர். அவள் முகத்தைப் பார்த்ததும், "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார்.

மறைக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தனை நாளா பாக்குறே?"

"ரெண்டு வருஷமா சார்."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் தன் போனை எடுத்து, "நம்பர் சொல்லு. என்னோடதுன்னா எடுப்பாருல்ல" என்றார். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் ஓய்ந்தது.

"கிளம்பு."

"சார், ரெண்டு மிஷின் புதுசா சேத்துட்டிருக்கேன், பாதியில..."

"உன் நாப்பது பிள்ளைங்களையும் நான் பாத்துக்கறேன். எதாவது அழுதா இடுப்புல தூக்கி வெச்சுக்கறேன், போதுமா? போ. பாத்தது தப்புன்னு நாளைக்கு எழுதிக் குடு. கீழே நானும் கையெழுத்துப் போடறேன்."

பஸ்ஸில் ஐம்பது நிமிடம். மூன்று வருடமாகக் கடக்க முடியாமல் கிடந்த தூரம் அவ்வளவுதான். தெருமுனையில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். மூச்சு வாங்க, கதவைக் கையால் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். உள்ளே செருப்பு தேய்கிற சத்தம் மெல்ல நெருங்கி வந்தது.

அப்பா கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். ஒரு பக்கக் கன்னத்தில் சவரம் சரியாகப் படவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தவரின் கண், கழற்ற மறந்து அவள் கழுத்திலேயே தொங்கிய அலுவலக அட்டையில் நின்றது.

"மீட்டர் பாக்க வந்தீங்களா?"

அவள் கை அட்டையைப் பற்றியது.

"வெள்ளிக்கிழமையே புகார் குடுத்தாச்சு. இன்னிக்குத்தான் வர்றீங்க. உங்க கம்பெனிக்கு எல்லாத்துக்குமே லேட்டுதான்."

"ஆமாங்க" என்றாள். "ரொம்ப லேட்டாயிடுச்சுங்க."

அவர் கதவைச் சாத்தவில்லை. படியிறங்கி, வீட்டின் பக்கவாட்டுச் சந்தைக் கையால் காட்டி முன்னே நடந்தார். சுவரோரம் தரையில் பதித்த இரும்பு மூடி வெயிலில் காய்ந்து கிடந்தது. ஆறு லட்சம் மீட்டர்களின் குரலைக் கேட்கிறவள் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. குந்தி உட்கார்ந்து மூடியில் கைவைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடும். துணி வெச்சுப் பிடி" என்றார் அப்பா.

துப்பட்டாவைச் சுற்றி மூடியைத் தூக்கினாள். மங்கிப்போன கண்ணாடிக்குள் ஒரு எண்ணும் இல்லை. தெரிந்தவள்போல மண்ணைத் துடைத்தாள், ஒயரை அழுத்திப் பார்த்தாள், மறுபடியும் துடைத்தாள். முடிந்துவிட்டது என்று சொல்லி எழுந்திருக்க மனம் வரவில்லை. அவரும் ஆச்சா என்று கேட்கவில்லை. அவள் பின்னால் வந்து நெருங்கி நின்றுகொண்டார். பிடரியைச் சுட்டுக்கொண்டிருந்த வெயில் சட்டென்று தணிந்தது. அவள் அடுத்த திருகாணிக்கு நகர்ந்தபோது செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. அவர் நிழலும் அரையடி தள்ளி வந்து அவள் தலைமேல் விழுந்தது.