இரண்டாவது கன்ட்ரோலர்

ரூபினியும் அவள் கணவன் குகனேஸ்வரனும் பேசிக்கொள்வதை நிறுத்தியதிலிருந்து, அந்த வீட்டில் அதிகம் பேச்சு வாங்கியது பூனைதான். மைலோ பானத்தின் நிறத்தில் இருந்ததால் அதற்கு மைலோ என்றே பெயர். சோறு ஆறிப்போவதை அவள் பூனையிடம் சொல்வாள். சட்டை எங்கே என்று அவன் பூனையிடம் கேட்பான். பூனை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எனக்கு எதற்கு என்பதுபோல வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிடும்.

சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. தேயிலை ஆலையில் மெக்கானிக்காக இருந்தவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. தோட்டத்து லைன் வீடுகள் அத்தனைக்கும் சேதி பரவிய பிறகுதான் அவளிடம் சொன்னான். "நான் முதல்ல போறேன். அப்புறம் பாக்கலாம்." அந்த 'அப்புறம் பாக்கலாம்' மீன்முள்ளாக அவள் தொண்டையில் குத்தி நின்றது. போகாதே என்று சொல்ல ரோஷம் விடவில்லை. போய் வா என்று சொல்ல மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள். அவனும் ஏன் என்று கேட்கவில்லை. நாளைக் காலை பக்கத்து ஊரான தானா ராத்தாவில் சிங்கப்பூர் பஸ் ஏற வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை.

மதியத்துக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. எதிர் மலையின் தேயிலை வரிசைகளை யாரோ மேலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருவது போலிருந்தது. சுற்றுலாக்காரர்கள் பாதி வழியிலேயே காரைத் திருப்பிக்கொண்டதால், ரூபினி வேலை பார்க்கும் தேநீர்க் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார்கள். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது பெட்டி பாதி அடுக்கிய நிலையில் வாயைப் பிளந்து கிடந்தது. அவனோ தரையில் சம்மணம் போட்டு, பழைய பெரிய டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கேம் பெட்டி. பள்ளி நாட்களில் லைன் பையன்களெல்லாம் அடித்துப் பிடித்து விளையாடியது. ஊரை விட்டுப் போகுமுன் அதை முடித்துவிட்டுத்தான் போவது என்று அவன் பூனையிடம் காலையிலேயே அறிவித்திருந்தான்.

எந்த விளையாட்டு என்று ரூபினிக்குத் தெரியும். காதலித்த காலத்தில், கியா பார்ம் சந்தைக் கடையொன்றில் அவித்த சோளத்தைக் கடித்தபடி அவன் சொன்ன கதை அது. கிரேக்கப் புராணம். பாம்பு கடித்துச் செத்த மனைவியை மீட்க, யாழோடு பாதாளத்துக்கு இறங்கிப் போகிறான் ஒரு பாடகன். அவன் பாட்டில் எமனே இளகிவிடுகிறான். கூட்டிக்கொண்டு போ, அவள் உன் பின்னால் வருவாள், வெயிலைத் தொடும்வரை திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி அனுப்புகிறான். பாடகன் கடைசி அடியில் திரும்பிவிடுகிறான். அவள் புகையாய்ப் போய்விடுகிறாள்.

அன்றைக்கு ரூபினி சோளத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அவ ஏன் ஒரு வார்த்தை பேசல? வந்துகிட்டுதான் இருக்கேன்னு சொல்லியிருந்தா அவன் திரும்பியிருக்க மாட்டான்ல?"

"பேசக்கூடாதோ என்னமோ."

"திரும்பக்கூடாதுன்னுதானே சட்டம்? பேசக்கூடாதுன்னு யாரு சொன்னது?"

அவன் இன்னொரு சோளம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தான்.

விளையாட்டிலும் அதே கதைதான். பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். இடப்பக்கப் பொத்தானைத் தொட்டால் பாடகன் திரும்பிவிடுவான், மனைவி மறைவாள், மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். மூன்று தலை நாய், நெருப்பு ஆறு, உருளும் கற்கள் எல்லாவற்றையும் பையன்கள் தாண்டியிருந்தார்கள். ஆனால் கடைசிக் கட்டத்தில் திரை முழுவதும் இருட்டாகிவிடும். எங்கே படி, எங்கே பள்ளம் என்று ஒன்றும் தெரியாது. கேம் கேசட் கெட்டுவிட்டது என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். கூட வந்த புத்தகம் ஜப்பானிய எழுத்தில் இருந்ததால் படித்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாடகன் இருட்டில் விழுந்தான். ஏறினான். மறுபடி விழுந்தான். குகன் பெருமூச்சு விட்டான்.

"மைலோ, எல்லாமே தனியா விளையாடிப் பாத்தாச்சு. ரெண்டு பேரா விளையாடுனா என்னன்னு தோணுது."

"மைலோ, இவ்வளவு நாளா ஏன் விளையாடலையாம்னு கேளு."

"ரெண்டாவது கன்ட்ரோலர் அந்தப் பொம்பளைக்குலா. பின்னாடி நடக்கிறதுக்கு எந்தப் பையன் வருவான்? அது சும்மாவே தொங்கிக்கிட்டு இருந்திச்சு."

கோபப்பட வேண்டிய இடத்தில் ரூபினிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அந்த இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தாள். வயர் சாண் நீளம் என்றே சொல்ல வேண்டும். தள்ளி உட்கார வழியில்லை. அவன் முழங்காலை அவள் முழங்கால் தொட்டது. இருவரும் அதைக் கவனிக்காததுபோல டிவியைப் பார்த்தார்கள். கன்ட்ரோலரின் ஒரு மூலையில் இட்லித்தட்டு மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. அழகுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சன்னல் இடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்தது. அறையும் திரையும் ஒரே நீலமாகின. யாழின் மெல்லிய மணியோசை மட்டும் சுற்றிச் சுற்றி ஒலித்தது. பாடகன் முன்னால் தாவினான். வெள்ளைச் சேலை கட்டியதுபோல ஒரு சின்ன உருவம், பாடகனின் மனைவி, பின்னால் தாவினாள். தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது ரூபினிக்கு. நாயைத் தாண்டினார்கள். ஆற்றைத் தாண்டினார்கள். பிறகு அந்த இருட்டு.

பாடகன் நின்றான். குகனும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மைலோ வந்து அவள் மடியில் ஏற, கன்ட்ரோலரை முகத்தருகே தூக்கிக்கொண்டு அவள் அதட்டினாள். "மைலோ, எறங்கு. பாடகன் விழுந்தா இவரு என்னைத்தான் குத்தம் சொல்லுவாரு."

இருட்டில் ஒரு படி மினுங்கியது. அவள் பேச்சை நிறுத்தியதும் அணைந்தது.

குகனின் கண் கன்ட்ரோலரின் ஓட்டைகள்மேல் விழுந்தது. பிறகு பூனையை நடுவில் வைக்காமல், நேராகவே சொன்னான்.

"அது மைக்கு. ரூபி, அது மைக்கு. பேசு, நிறுத்தாத."

எத்தனை நாளாயிற்று அவன் அப்படிக் கூப்பிட்டு. என்ன பேசுவது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைப் பேசினாள். தேயிலை, பை பையாகவே காய்க்குமா என்று கடையில் ஒருவர் கேட்டதைச் சொன்னாள். ஒரு படி மினுங்கியது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரி எல்லாம் புளிப்பு என்றாள், இன்னொன்று. பாடகன் தாவினான், அவள் தாவினாள். பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. இருட்டில் இருவரும் நின்றார்கள்.

சொல்வதற்கு ஒன்று இருந்தது.

"அப்புறம் பாக்கலாம்னு சொன்னீங்க" என்றாள், ஓட்டைகளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "அந்த அப்புறம் எப்ப வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க முன்னாடி போங்க, வேணாம்னு சொல்லல. நான் பின்னாடி வரவான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. என்னையும் கூட்டிட்டுப் போங்க."

நீளமான பேச்சு. படிகள் ஒன்றன்பின் ஒன்றாக, மலைப்பாதையில் விளக்கு ஏற்றியதுபோல, மேலே தெரிந்த மஞ்சள் வாசல்வரை மினுங்கின. குகனின் விரல்கள் தாமாகவே தாவிக்கொண்டிருந்தன. கண்கள் கலங்கியிருந்தன.

"நீ ஒன்னுமே சொல்லல. இந்த மலைய விட்டு வர உனக்கு மனசில்லன்னு நெனச்சேன். கேட்டா வரலன்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

கவனிப்பாரற்ற பாடகன் கடைசிப் படியைத் தவறவிட்டு, வாசலுக்கு ஒரு சாண் கீழே பள்ளத்தில் விழுந்தான். பின்னால் வந்தவளும் பத்தினித் தெய்வம் மாதிரி அவனைத் தொடர்ந்து விழுந்தாள். டிவி ஒரு சோகப் பாட்டை வாசித்தது.

"திரும்பிட்டீங்களே" என்றாள் ரூபினி.

"கட்டைவிரல் திரும்பலையே. முகம்தானே திரும்புச்சு."

அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையை நீட்டிப் போனை எடுத்தான். சிங்கப்பூர் கம்பெனிக்காரரிடம், வேலையில் சேரும் நாளை ஒரு வாரம் தள்ளிப்போடக் கேட்டான். ஒருவருக்கு அல்ல, கணவன் மனைவி தங்குகிற மாதிரி அறை வேண்டும் என்றும் கேட்டான். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, 'நன்றி, நன்றி' என்று தலையை ஆட்டிக்கொண்டே போனை வைத்தான்.

சன்னலுக்கு வெளியே ஒரு தேயிலை வரிசை தெரிந்தது. அதற்கு மேலே இன்னொன்று.

பாடகன் பாதாளத்தின் அடியில் யாழோடு காத்துக்கொண்டிருந்தான். இந்த முறை முதல் படியிலிருந்தே பேச வேண்டும் என்றான் குகன். பேச விஷயமா இல்லை என்றாள் அவள். அதன் பிறகு அன்று மாலை பூனையிடம் அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"மைலோ, தள்ளிப் படு. வயரு எட்டல."