லிஃப்ட் இல்லாத வீடுகள்

என் இரண்டு முழங்கால்களின் மீதும் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் இனி என்னால் மாடி ஏற முடியாமல் போகட்டும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் குந்தியே முழங்கால் தேய்ந்துபோயிற்று. நாற்பத்தைந்து வயதில் வேலையை விட வேண்டும். வாடகை தானாக வந்து விழ, நான் படுத்துக் கிடக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். கடன் வாங்கி ஒரு வீடு வாங்கினேன். அதை அடமானம் வைத்து இன்னொன்று, அதைக் காட்டி அடுத்தது. இப்படி நான்கு வீடுகள். நான்குமே உச்சி மாடி. எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் கிடையாது.

"லிஃப்ட் இருந்தா ரிப்பேருக்கு என்னையே கூப்பிட்டுத் தொலைப்பாங்க. அதான் இல்லாததாப் பார்த்து வாங்கினேன்" என்று மனைவியிடம் விளக்கினேன்.

"அடேங்கப்பா! அந்த மூளையை வெயில் படாம வெச்சுக்குங்க" என்றாள்.

பிளம்பருக்குக் கொடுத்தால் வங்கிக்குக் கட்ட மிஞ்சாது. ஆகவே வேலை முடிந்ததும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நானே படியேறுவேன். குடியிருந்தவர்களில் ஒரு தையல்காரர்தான் ரொம்பவும் அக்கறையுள்ளவர்.

"வாங்க ஓனர் சார். உங்க முட்டிச் சத்தம் ரெண்டாவது மாடியிலயே கேட்டுச்சு. உடனே டீ போட்டுட்டேன்."

"எங்கப்பா டீ?"

"நீங்க வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு. நானே குடிச்சுட்டேன்."

"ஒழுகுற குழாய்?"

"அதுவும் நின்னுடுச்சு சார். தொட்டி காலி."

நாற்பத்தைந்து முடிந்த அன்று காலை மனைவியிடம் கேட்டேன். "வேலையை விட்டுடட்டுமா?"

"விடுங்க. லிஃப்ட்ல நோகாம மேல போறதும் போயிடும். அப்புறம் நாள் பூரா படிதான்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று ஓர் உயரமான கட்டடத்தில் லிஃப்டைச் சோதிக்கப் போனேன். பாதி வழியில் போன் அடித்தது. நாலாவது வீட்டில் சுவர் ஊறுகிறதாம். பேசிக்கொண்டே இருந்தபோது சிக்னல் அறுந்தது. அந்த அமைதியைக் கேட்டேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டை நிறுத்தி, பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன்.

எத்தனை நாள் தூங்கினேனோ, கட்டடத்துக்காரர்கள் படியேறிப் பழகி இளைத்துப்போனார்கள். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"யாரும் இல்லைங்க" என்றேன். சரியென்று போய்விட்டார்கள்.

கடைசியில் மனைவி வந்து கதவிடுக்கில் வாய் வைத்தாள். "ஏங்க, தையல்காரர் வீட்டுல மறுபடியும் குழாய் ஒழுகுதாம்."

"நான் ரிட்டையர் ஆயிட்டேன்னு சொல்லிடு."

வெளியே அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லக் கேட்டாள்.

"இன்னொருத்தர் படுக்க இடம் இருக்கா?"

தள்ளிப் படுத்தேன். அவள் எப்படி உள்ளே இறங்கினாள் என்று கேட்காதீர்கள். கேட்கும் தெம்பு எனக்கே இருக்கவில்லை.

உண்மையில் நான் ஓய்வு பெற்றது அறுபது வயதில், தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் மேசையிலிருந்து; இப்போது மாடி ஏற முடிவதில்லை.